உடன் ஓடும் நபர்

நீங்கள் எப்போதாவது வீட்டை விட்டு ஓடிப்போயிருக்கிறீர்களா? கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய், அங்கே வேலை வாங்குகிறார்களே என்று மறுநாளே திரும்பி வருவதைக் கேட்கவில்லை. முறைப்படி, ஓர் அதிகாரியின் முன்னிலையில், அலுவலக நேரத்துக்குள் ஓடியிருக்கிறீர்களா? நான் ஓடியிருக்கிறேன். இடுப்பில் குழந்தை, கையில் டிபன் கேரியர், கூடவே என் நாத்தனார்.

எல்லாம் அந்தப் படத்தால் வந்த வினை. பார்க்காதவர்கள் யாராவது மிச்சமிருந்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். பள்ளிக்கூடம் படிக்கிற ஒரு பையன், ஒரு பெண். இரண்டு பேருக்கும் மனநோய். என்ன நோய் என்று கடைசி வரை சொல்லவில்லை. முடி வந்து ஒரு கண்ணை மறைக்கிற நோய் என்று நானாகப் புரிந்துகொண்டேன். மழை வந்தால் குடையில்லாமல் நிற்பார்கள். உலகம் நம்மைப் புரிந்துகொள்ளவில்லை என்று சேர்ந்து ஓடிப்போகிறார்கள். பஸ் பாலத்தின் மேல் போகும்போது அந்தப் பெண் மாத்திரைகளை ஆற்றில் எறிகிறாள். பாட்டு வருகிறது. பாட்டு முடியும்போது நோயும் முடிந்துவிடுகிறது.

நான் முந்தானை நனைய அழுதேன். பக்கத்து சீட்டில் என் நாத்தனார் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி சிரிக்கிற?"

"மூணு நாளா படுக்கையை விட்டே எழுந்திருக்கலையாம் அண்ணி. கண் மை கொஞ்சம்கூடக் கலையல பாருங்க."

அவளுக்குத் தெரியும். பதினேழு வயசு. போன வருஷம் அவளுக்கு வந்த நோய்க்குப் பாட்டெல்லாம் கிடையாது. காலையில் தலையில் சொருகிய சீப்பு சாயங்காலம் வரை அங்கேயே இருக்கும். இழுத்துச் சீவக் கையில் தெம்பு இருக்காது. டாக்டர் மாத்திரை கொடுத்தார். கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தாள், சீவினாள், பள்ளிக்கூடம் போனாள். ஒருநாள் டிவி ரிமோட்டுக்காக என்னோடு சண்டை போட்டாள். சண்டை போடுகிறாளே என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

மாத்திரை விலைக்கும் என் வீட்டுக்காரர் சம்பளத்துக்கும் ஒத்துவராது. ஆகவே மனநல உதவி அலுவலகம் இலவசமாகத் தந்துகொண்டிருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை போய் விசாரணைக்கு நின்றால் போதும். இந்த வருஷம் நாங்கள் போன நேரம், படம் ஓடிக்கொண்டிருந்த நேரம்.

ஊரில் உள்ள பிள்ளைகள் எல்லாம் ஒரு கண்ணால்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னொன்றின் மேல் முடி கிடந்தது. துணிக்கடையில் சோகக் கலர் என்று சாம்பல் நிறச் சட்டையைக் கூடுதல் விலைக்கு விற்றார்கள். மனநல அலுவலக வாசலில், தங்களுக்கும் நோய் இருப்பதாகச் சான்றிதழ் கேட்டு ஏகப்பட்ட கூட்டம். இதில் நிஜம் யார், வேஷம் யார் என்று மேலிடம் தீர ஆலோசித்தது. இந்த நோயைப் பற்றி அலுவலகத்தில் எல்லோரும் ஒன்றுபோல அறிந்திருந்தது அந்தப் படம் ஒன்றைத்தான். ஆகவே, படத்தில் உள்ளபடி நோய் இருப்பவரே நோயாளி எனக் கருதப்படுவார் என்று உத்தரவு பிறந்தது.

விசாரணை அதிகாரி நீள முகக்காரர். சட்டையில் ஒரு பட்டன் மாறிப் போட்டிருந்தார். மத்தியானம் கடந்தும் சாப்பாட்டு டப்பா மூடியபடி மேஜையில் இருந்தது.

"டாக்டர் சீட்டு கொண்டுவந்திருக்கோம் சார்."

"சீட்டு சரிதாம்மா. ஆனா இந்த டாக்டர் படம் பாக்கலையாமே." கொட்டாவியை விழுங்கிவிட்டு நாத்தனார் பக்கம் திரும்பினார். "பாப்பா, மழை பெஞ்சா என்ன செய்வே?"

"குடை பிடிப்பேன் சார்."

வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார்: "குடை பிடிக்கும் அளவுக்குத் தெளிவுடன் காணப்படுகிறார். சரி, படம் பாத்து அழுதியா?"

"சிரிச்சேன் சார்."

பேனா நின்றது. குடும்பத்துக்கு ஒரு மார்க்காவது கிடைக்கட்டுமே என்று, "நான் அழுதேன் சார்" என்றேன்.

"அப்போ உங்களுக்கு வேணும்னா மாத்திரை தரலாம்."

"நோய் அவளுக்கு சார்!"

"பாத்தா தெரியலையேம்மா."

"மாத்திரை சாப்பிடறதாலதான் சார் தெரியல."

"அதையேதான் நானும் சொல்றேன். தெரியாத நோய்க்கு மாத்திரை எதுக்கு?"

"நிறுத்தினா தெரிஞ்சிடும் சார்."

"தெரிஞ்சதும் வாங்க. அதுக்குத்தானே நாங்க இருக்கோம்."

மேஜைக்குக் கீழே நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பரீட்சை வரப்போகிறது. வீட்டில் இருந்தது கடைசி அட்டை மாத்திரை. சீப்பு திரும்பவும் தலையிலேயே நின்றுவிடுமோ என்று அவள் நினைப்பது எனக்குக் கையிலேயே தெரிந்தது.

அதிகாரிக்கும் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. குரலைத் தாழ்த்தினார். "ஒரு வழி இருக்கு. ஓடிப்போனதை அதிகாரி ஒருத்தர் நேர்ல பாத்து எழுதினா மத்த குறையெல்லாம் தள்ளுபடி."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "வயசுப் பொண்ணை எவன் கூடவோ ஓடுன்னு சொல்றீங்களே, நல்லா இருக்கா சார்?"

"பதறாதீங்கம்மா. விதியில காதலன்னு எங்கயும் போடல. உடன் ஓடும் நபர்னுதான் போட்டிருக்கு."

நாத்தனார் மெதுவாக என் பக்கம் திரும்பினாள். "அண்ணி, வியாழக்கிழமை உங்களுக்கு வேலை இருக்கா?"

"துணி ஊற வைக்கலைன்னா இல்ல."

வியாழக்கிழமை பஸ் நிலையத்தில் கூடினோம். துரத்தும் குடும்பத்தார் என்ற முறையில் என் வீட்டுக்காரர் லேத் பட்டறையில் அரைநாள் லீவு போட்டு வந்திருந்தார். மகள் அழாமல் இருக்க, அவள் கையில் ஓர் அட்டை கலர் மிட்டாய் கொடுத்திருந்தேன். மாத்திரை மாதிரியே அட்டையில் பதித்து விற்பார்களே, அது.

"வரும்போது சோப்பு வாங்கிட்டு வந்துடு" என்றார் வீட்டுக்காரர்.

"ஓடிப்போறவகிட்ட சோப்பு கேக்கக் கூடாது சார்" என்று அதிகாரி கண்டித்தார். "ம், ஆரம்பிங்க."

ஆரம்பித்தோம்.

"அது நடை. ஓட்டம் வேணும்."

ஓடினோம். டிபன் கேரியர் முழங்காலில் இடித்தது. வீட்டுக்காரருக்கு நீளமான கால். நாலே எட்டில் வந்து என் முந்தானையைப் பிடித்துவிட்டார்.

"பிடிக்கக் கூடாது சார்! கை நீட்டணும், எட்டக் கூடாது. அப்புறம் மனசு உடைஞ்சு அங்கயே நிக்கணும்."

"எவ்வளவு நேரம் சார் உடைஞ்சு நிக்கணும்? பட்டறையில ஆள் இல்ல."

ஒருவழியாக பஸ் ஏறினோம். கண்டக்டர் எங்களைப் பார்த்ததுமே, "ஓடிப்போறவங்க எல்லாம் இடது பக்கம் உக்காருங்க. ஆறு அங்கதான் நல்லாத் தெரியும்" என்றார். நாங்கள் இந்த வாரத்தில் முதல் ஆட்கள் இல்லை போலிருக்கிறது. அதிகாரி எங்களுக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து, ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

பாலம் வந்ததும் நிமிர்ந்தார். "ம், மாத்திரையை எறி பாப்பா."

நாத்தனார் பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "கடைசி அட்டை சார்."

"மாத்திரை கிடைக்கணும்னுதானே சார் ஓடி வந்தோம்? இருக்கறதை எறிஞ்சிட்டு என்ன செய்யறது?" என்றேன்.

"எறிஞ்சாத்தாம்மா மாத்திரை தேவைப்படறவங்கன்னு நான் எழுத முடியும். எறியாதவங்ககிட்ட மாத்திரை இருக்கே, அவங்களுக்கு எதுக்கு?"

பாலம் பாதி தாண்டிவிட்டது. பெற்ற தாய் செய்யக் கூடாததை நான் செய்தேன். மகள் கையிலிருந்த மிட்டாய் அட்டையைப் பிடுங்கி ஆற்றில் எறிந்தேன்.

அந்தப் படத்தில் யாரும் அப்படி அழவில்லை. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. டிரைவர் வேகத்தைக் குறைத்தார். என் மகள் ஆற்றைக் கைகாட்டி, மூச்சை அடக்கி, நீலம் பாரித்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

அதிகாரி கண்ணை மூடிக் கேட்டார். பிறகு முழங்காலில் காகிதத்தை வைத்து எழுதினார்: "கதறல் மிக இயற்கையாக இருந்தது. மாத்திரை வழங்கலாம்." கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நாத்தனார் அதை வாங்கி நாலாக மடித்துத் தன் கடைசி அட்டையோடு சேர்த்து வைத்தாள்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பும் பஸ் ஏறினோம். உலகத்தை விட்டு ஓடிப்போய்விட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குள் திரும்பியவர்கள் நாங்களாகத்தான் இருப்போம். டிபன் கேரியரைத் திறந்து அதிகாரிக்கும் கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டார். சாப்பிடவில்லை.

நாத்தனார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சார், காலைல எழுந்திருக்கக் கஷ்டமா இருக்கா?"

அவர் திடுக்கிட்டார். "உனக்கு எப்படித் தெரியும் பாப்பா?"

"பட்டன் மாறியிருக்கு. அன்னைக்கும் மாறித்தான் இருந்துச்சு."

அவர் குனிந்து சட்டையைப் பார்த்தார். சரி செய்யவில்லை. "இதைப் போடவே அரை மணி ஆகுது" என்றார்.

"உங்க ஆபீஸ்லயே மாத்திரை கிடைக்குமே சார்?"

"கேட்டேன். என்னை நானே விசாரிச்சுத் தள்ளுபடி பண்ணிட்டேன்."

"ஏன் சார்?"

"என்கிட்ட குடை இருந்துச்சு."

பஸ்ஸில் யாரோ அந்தப் படத்துப் பாட்டைப் போனில் போட்டார்கள். மகள் விசும்பி விசும்பி என் தோளில் தூங்கிப்போயிருந்தாள். அதிகாரி முன்னால் சாய்ந்து, கண்டக்டருக்குக் கேட்காத குரலில் என்னிடம் கேட்டார்.

"ஏம்மா, அடுத்த வியாழக்கிழமை என்கூடக் கொஞ்சம் ஓடிவர முடியுமா? துரத்தவும் எனக்கு ஆள் இல்ல, உங்க வீட்டுக்காரர் வந்தா நல்லா இருக்கும். மறக்காம குழந்தையையும் தூக்கிட்டு வாங்க. அதுதான் நல்லா அழுவுது."