லிஃப்ட்டுக்கு மாலை போட்டவன்

வேலை என்பது பிடித்துச் செய்கிற விஷயம் அல்ல என்பதில் எனக்கு இருந்த நம்பிக்கை, கடவுள் நம்பிக்கையைவிடப் பலமானது. இருபத்தொன்பது வருடமாக ஓர் அரசு அலுவலகத்தில் கோப்பு நகர்த்துகிறேன். ஒரு நாள்கூடச் சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்ததில்லை. (வந்திருந்தால் என் மனைவி செல்வி டாக்டரிடம் கூட்டிப் போயிருப்பாள்.) பிடிக்காததைச் செய்வதால்தான் சம்பளம் தருகிறார்கள்; பிடித்திருந்தால் நம்மையல்லவா டிக்கெட் வாங்கச் சொல்வார்கள் என்பது என் சித்தாந்தம்.

ஆகவே என் மகள் நிலா, மின் பொறியியல் முடித்து, தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் ஒரு லிஃப்ட் கம்பெனியில் சேர்ந்து, தினமும் சாயங்காலம் முகமெல்லாம் சிரிப்பாக வீடு திரும்பியபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. "சர்வீஸ் செக்‌ஷன்பா" என்றாள். அவ்வளவுதான், நான் மனதுக்குள் ஒரு கண்ணாடி அறை கட்டி, ஏசி மாட்டி, சுழல் நாற்காலி போட்டு, அவளைத் தொலைபேசியில் புகார் கேட்க உட்கார வைத்துவிட்டேன். நகத்தில் ஏதோ கறுப்பாக இருக்கிறதே என்று ஒரு தடவை கேட்டேன். "பிரிண்டர் மைப்பா" என்றாள். பிரிண்டரைத் தொட்டே பார்த்திராத எனக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது.

என்னைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். எனக்குப் பயம் அதிகம். கேஸ் சிலிண்டரை மூன்று முறை மூடுவேன். சுற்றுகிற மின்விசிறிக்கு நேர் கீழே படுக்க மாட்டேன். நிலா ஸ்கூட்டர் எடுத்தால் அவள் போய்ச் சேர்ந்தேன் என்று சொல்லும்வரை சோறு இறங்காது. இப்படிப்பட்டவனை எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளராக வைத்திருந்தார்கள். பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்ததும், லிஃப்ட்டை நிலாவின் கம்பெனிக்கே கொடுத்தேன். "நம்ம பொண்ணு ஆபீஸ்" என்று ஒரு பெருமை. மாதாமாதம் யாரோ வந்து சரிபார்த்துவிட்டுப் போவதாகக் கேள்வி. நான் அலுவலகத்தில் இருக்கும் நேரத்திலேயே அவர்கள் வந்தது ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

விஜயதசமியன்று நிலாவைப் பெண் பார்க்க வந்தார்கள். தவளக்குப்பத்துக் குடும்பம். பையன் கார்த்திக்குப் பெங்களூரில் மென்பொருள் வேலை. இதைவிட நல்ல நாள் கிடைக்காது என்று நானே குறித்துக் கொடுத்தேன். முந்தின நாள் ஆயுத பூஜை. எங்கள் குடியிருப்பில் அன்றைக்குத் தண்ணீர் மோட்டார், மின்சார மீட்டர், வாட்ச்மேனின் சைக்கிள் எதுவும் சந்தனம் குங்குமம் இல்லாமல் தப்ப முடியாது. லிஃப்ட்டுக்கும் ஒரு சின்னச் சரம் போட்டிருந்தோம். விடிந்து பார்த்தால் வாடிவிட்டது. பெண் பார்க்க வருபவர்கள் முதலில் பார்ப்பது லிஃப்ட்டைத்தானே! மார்க்கெட்டுக்கு ஓடி, கட்சித் தலைவருக்குப் போடுகிற அளவில் ஒரு சாமந்தி மாலை வாங்கி வந்து, ஸ்டூல் போட்டு ஏறி, லிஃப்ட்டுக்குள் கதவுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த ஓர் இரும்பு முனையில் மாட்டினேன். (அந்த முனை எதற்காக நீட்டிக்கொண்டிருந்தது என்று இப்போது எனக்கு மிக நன்றாகத் தெரியும்.)

பத்து மணிக்கு வந்தார்கள். பையனின் அப்பா, அம்மா, பையன், பெரியப்பா. பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரில் இவர்களைச் 'சொல்தா' என்போம். எழுபத்தைந்து வயதிலும் இஸ்திரி போட்டதுபோல் நின்றார். நான் கீழே போய் வரவேற்று, மூன்றாம் மாடிக்குக் கூட்டிவர லிஃப்ட்டில் ஏற்றினேன்.

"மாலையெல்லாம் போட்டு அமர்க்களமா இருக்கே" என்றார் பையனின் அப்பா.

"எங்க நிலா கம்பெனிதான் சார் இதப் பாத்துக்குது" என்று ஆரம்பித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அவளுக்கு ஏசி ரூம்ல வேலை. கைல தூசி படாது."

"கல்யாணத்துக்கு அப்புறம் நாங்க வேலைக்கு அனுப்பறதில்லைங்க" என்றார் பையனின் அம்மா.

"அதனால என்னம்மா! சும்மா பொழுது போவறதுக்குத்தான் போறா. நான் ஒரு வார்த்த சொன்னா நாளைக்கே விட்டுடுவா."

டக்.

இரண்டாம் மாடியைத் தாண்டிக் கொஞ்சம் ஏறியதுமே லிஃப்ட் நின்றது. ஒரு குலுக்கல், மேலே எதுவோ நசுங்கும் சத்தம், அப்புறம் அமைதி. பையன் என் கையைப் பிடித்தான். நான் அவன் கையைப் பிடித்தேன். யார் யாருக்கு ஆறுதல் சொன்னோம் என்று இன்றுவரை தெரியாது. ஐந்து பேருக்கு ஐந்து நிமிடத்தில் காற்று தீர்ந்துவிடும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுவிட்டு, சுவரில் ஒட்டியிருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள். கட்டிடத்தின் பெயரைச் சொன்னேன்.

"ரெண்டே நிமிஷம் சார். அந்த பில்டிங்லயே எங்க டெக்னீஷியன் இருக்காங்க. இன்னிக்கு லீவுதான், ஏதோ வீட்ல விசேஷமாம். இருந்தாலும் கூப்பிட்டா வந்துடுவாங்க."

எங்கள் கட்டிடத்தில் லிஃப்ட் டெக்னீஷியனா? பன்னிரண்டு வீடும் எனக்கு அத்துப்படி. இருப்பது இரண்டு ஆசிரியர்கள், ஒரு மருந்துக்கடைக்காரர், மீதிப் பேர் என்னைப்போல் கோப்பு நகர்த்துகிறவர்கள். யாராக இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே தலைக்கு மேல் யாரோ நடக்கும் சத்தம் கேட்டது. கூரையில் இருந்த சதுர மூடி திறந்தது. அதன் வழியாக முதலில் ஒரு முழம் மல்லிகைப்பூ இறங்கி வந்து பையனின் அப்பாவுடைய வழுக்கைத் தலையைத் தடவியது. அதற்குப் பின்னால் தலைகீழாக ஒரு முகம்.

பொட்டு, ஜிமிக்கி, நெற்றிச்சுட்டி எல்லாம் இருந்தன. அவற்றோடு ஒரு டார்ச்சும்.

"உள்ள எத்தன பேர் சார்?" என்றது முகம். என்னைப் பார்த்துத்தான். சார்!

"நிலா!"

"பதட்டப்படாதீங்க சார். யாரும் கதவத் தொடாதீங்க. யாருக்காவது மூச்சு முட்டுதா?"

"எனக்கு முட்டுது! நீ எங்கடி நிக்கற?"

"லிஃப்ட் மேல."

"மொதல்ல எறங்கு!"

"எறங்கினா உங்க மேலதான் எறங்கணும்."

நான் மின்விசிறிக்குக் கீழே படுக்காதவன். நான் பெற்ற பெண் இரும்புக் கயிற்றில் தொங்கும் ஒரு பெட்டியின் தலையில், பட்டுப்புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, சமையலறையில் வெங்காயம் உரிக்கிற மாதிரி சாதாரணமாக உட்கார்ந்திருக்கிறாள்.

"இது யாரு?" என்றார் பையனின் அம்மா.

பெரியப்பாதான் பதில் சொன்னார். "நாம பாக்க வந்த பொண்ணும்மா. நல்லாப் பாத்துக்கோ."

"ஏசி ரூம்னு சொன்னாரே?"

"மேல காத்து நல்லா வருது இல்ல, அதச் சொல்லியிருப்பாரு."

அடுத்த பத்து நிமிடங்களை நான் கண்ணை மூடிக்கொண்டு கழித்தேன். அதனால் காதால் கேட்டதை மட்டுமே சொல்ல முடியும். ஸ்பேனர் சத்தம் கேட்டது. வளையல் சத்தம் கேட்டது. இரண்டுக்கும் நடுவில், நிலா ஏதோ ஒரு மெட்டை முணுமுணுப்பது கேட்டது. தனக்குத்தானே, சந்தோஷமாக. இருபத்தொன்பது வருடத்தில் என் மேஜையில் இருந்து புறப்பட்ட சத்தங்கள் பெருமூச்சு, கொட்டாவி, ரப்பர் முத்திரை ஆகிய மூன்றுதான். பயத்தின் உச்சியிலும் அந்த முணுமுணுப்பு எனக்குள் எங்கேயோ போய்க் குத்தியது.

"எந்தப் புத்திசாலி இத இங்க மாட்டினது?" என்று மேலிருந்து குரல்.

"வாட்ச்மேனா இருக்கும்" என்றேன்.

"வாட்ச்மேன் அண்ணனுக்கு அவ்ளோ உயரம் எட்டாதுப்பா."

சார் போய் அப்பா வந்துவிட்டது. கண்ணைத் திறந்தால் பெரியவர்கள் மூவரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மாட்டிய அந்த இரும்பு முனை கதவுப் பூட்டின் பாகமாம்; மாலை பூட்டுக்குள் போய்ச் சிக்கியிருந்தது. அவள் பிய்த்துப் பிய்த்து எடுத்தாள். சாமந்தி இதழ்கள் எங்கள் தலையில் அட்சதை மாதிரி விழுந்தன. ரசிக்கும் நிலையில் யாரும் இல்லை. பையனைத் தவிர. அவன் என் கையை எப்போதோ விட்டுவிட்டு, வாயைப் பிளந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தான். வந்ததிலிருந்து முதல் தடவையாகப் பேசினான்.

"ஏங்க, உங்களுக்குப் பயமா இல்லையா?"

"மொத வாரம் இருந்துச்சு. இப்ப ஞாயித்துக்கெழம வந்தாதான் போரடிக்குது."

"எனக்கு ஞாயித்துக்கெழம சாயங்காலமே வயித்தக் கலக்கும். மறுநா வேலைக்குப் போவணுமேன்னு."

"கார்த்தி, வாய மூடு" என்றார் அவன் அம்மா.

பிறகு நிலா மொட்டைமாடி மோட்டார் அறைக்குப் போய் கையாலேயே சக்கரத்தைச் சுற்றி, எங்களை அங்குலம் அங்குலமாக இரண்டாம் மாடிக்கு இறக்கினாள். கதவு திறந்தது. அந்த மாடி டீச்சரம்மா வாசலில் நின்றிருந்தார். "போன மாசம் எண்ணெ போட வந்தப்பவே உங்க பொண்ணு சொல்லிச்சே சார், கதவுக்கு மேல எதையும் மாட்டாதீங்கன்னு. உங்ககிட்ட சொல்லலியா?"

எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. பன்னிரண்டு வீட்டுக்கும் தெரியும். வாட்ச்மேனுக்குத் தெரியும். செல்விக்கு ஆறு மாதமாகத் தெரியும். "உங்ககிட்ட சொன்னா தூங்க மாட்டீங்கன்னுதான்" என்றாள் பிறகு. (சரியான கணிப்பு. அன்றிலிருந்து தூங்கவில்லை.)

வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தோம். நிலா கேசரித் தட்டோடு வரவில்லை, ஒரு படிவத்தோடு வந்தாள். புடவை முந்தானையில் கிரீஸ் அப்பியிருந்தது. "செயலாளர் கையெழுத்து வேணும்பா. இல்லன்னா ஆபீஸ்ல கேப்பாங்க." பழுதின் காரணம் என்ற இடத்தில் 'கதவுப் பூட்டில் பூமாலை, மாட்டியவர்: சங்கச் செயலாளர்' என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாள். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதவன் என்று அலுவலகத்தில் எனக்குப் பெயர். படித்துவிட்டுப் போட்டேன்.

பையனின் அம்மா நேராக விஷயத்துக்கு வந்தார். "ஏம்மா, இந்த வேலைய விட்டுடுவேன்னு உங்கப்பா சொன்னாரு. விட்டுடுவ இல்ல?"

நிலா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். லிஃப்ட் மேல் நின்றபோது இல்லாத பயம் அப்போது அவள் முகத்தில் இருந்தது. நான் ஒரு வார்த்தை சொன்னால் அவள் நிஜமாகவே விட்டுவிடுவாள் என்று அந்தக் கணத்தில்தான் எனக்குப் புரிந்தது. அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு ஆசையாகவும் இருந்தது. சத்தியமாக இருந்தது. அவள் காலுக்குக் கீழே தரை இருக்கும், நான் நிம்மதியாகச் சாப்பிடலாம். ஆனால் அந்த முணுமுணுப்பு காதை விட்டுப் போகவில்லை.

"நான்தான் சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன்ம்மா" என்றேன். "அவ விடமாட்டா."

வீரம் என்று நினைக்க வேண்டாம். சொல்லிவிட்டு உடனே தண்ணீர் கேட்டேன்.

அவர்கள் கேசரியைப் பாதியில் வைத்துவிட்டு, படி வழியாகவே இறங்கிப் போனார்கள். பெரியப்பா மட்டும் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, நிலாவின் முன்னால் நிமிர்ந்து நின்று ஒரு சல்யூட் வைத்து, "பிராவோ, மதாம்" என்று பிரெஞ்சில் பாராட்டினார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். மூன்று வாரம் கழித்துப் பையனின் அம்மா போன் செய்தார். மனம் மாறிவிட்டார்களோ என்று ஆவலாக எடுத்தேன்.

"உங்க பொண்ணு எம்புள்ளகிட்ட இன்னா சொல்லிச்சு?"

"என்னம்மா ஆச்சு?"

"வேலைய விட்டுட்டு வந்துட்டான்! பெங்களூர் வேலைய! சின்ன வயசுல இருந்து கலர் மீன்னா உசுரு அவனுக்கு. தவளக்குப்பம் முக்குல கடை போட்டுட்டான். கேட்டா, ஞாயித்துக்கெழம போரடிக்குதும்மாங்கறான்! உங்க பொண்ணு வேலைய விடணும்னு கேக்கத்தான நாங்க வந்தோம்?"

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த நிலாவும் செல்வியும் சோபாவில் விழுந்து சிரித்தார்கள். இப்போது யார் வீட்டுக்கு வந்தாலும் இந்தக் கதையைத்தான் சொல்கிறார்கள், அந்த அம்மாவின் குரலிலேயே. நான் தினமும் பதினொரு மணிக்கு நிலாவுக்குப் போன் செய்து "ஏறிட்டியா? எறங்கிட்டியா?" என்று கேட்பதையும் சேர்த்துத்தான்.

கல்யாணத் தரகர் மட்டும் சிரிப்பதில்லை. எங்கள் வீட்டுக்கு வரன் அனுப்புவதற்கு முன்னால், "குடும்பம் நல்ல குடும்பம். தைரியமாப் போங்க. பையன மட்டும் கூட்டிட்டுப் போவாதீங்க" என்று எச்சரித்து அனுப்புகிறாராம். போன மாதம் அப்பா, அம்மா, அத்தை, மாமா என்று ஆறு பேர் வந்தார்கள்.

பையனுக்குப் பதிலாகப் புகைப்படம் வந்திருந்தது.