பட்டினியாரின் மூக்கு

ஸ்கான் மெஷினை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு எழுவைதீவுக்கே போனால் என்ன என்ற யோசனை எனக்கு முதலில் வந்தது, பட்டினியார் அங்கிருந்து வந்த ஒரு கடற்றொழிலாளியின் வாயை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோதுதான். தீவுப்பகுதி முழுவதும் தேடினாலும் அடுத்தவர் வயிற்றின்மேல் இவ்வளவு அதிகாரம் செலுத்திய மனிதர் கிடைக்கமாட்டார்.

நான் புதிதாய் வந்த டொக்டர். எங்கள் சின்ன ஆஸ்பத்திரிக்கு வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் மெஷின் வாங்கி அனுப்பியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை காலையில் பித்தப்பை பார்ப்பேன். அதற்கு வெறுவயிற்றோடு வரவேண்டும். சாப்பிட்டால் பித்தப்பை பித்தத்தை வெளியே தள்ளிவிட்டுச் சுருங்கிவிடும். கல் கிடந்தாலும் கண்ணில் படாது. இதை எங்கள் அட்டெண்டனுக்கு விளங்கப்படுத்தியது நான் செய்த பிழை. மறுவாரமே மனிதர் வாசலில் கதிரை போட்டுச் சுங்க அதிகாரி ஆகிவிட்டார். ஊரும் அன்றைக்கே பட்டினியார் என்று பெயர் வைத்துவிட்டது.

"வாயைத் திறவும்."

"ஒண்டும் சாப்பிடேல்லை அண்ணை."

"பின்னை என்ன மீன் மணக்குது?"

"நான் மீன் பிடிக்கிறவன். மல்லிகைப்பூவே மணக்கும்?"

திருநீற்றில் ஒரு துளி நாக்கில் வைத்துவிட்டு வந்த வாத்தியாரை, "அதுவும் தீன்தான்" என்று வாய் கொப்பளிக்கப் பைப்படிக்குத் துரத்தினார். இத்தனையும் ஒரு கையில் பணிஸ் ரொட்டியை வைத்துக் கடித்தபடி! பசியோடு இருபது பேர் வரிசையில் நிற்க, அந்த ஒரு வாய் மட்டும் அரைத்துக்கொண்டே இருக்கும்.

ஒரு வெள்ளி எழுவைதீவிலிருந்து தவமணி அக்கா வந்தார். வலது விலாவுக்குக் கீழே ஆறு மாதமாய் நோ. வாயு, வாயு என்று எல்லாரும் சொல்ல, குளிசை விழுங்கியே களைத்துப்போனவர்.

"இண்டைக்கும் ஒண்டுமில்லை எண்டால் இனி ஓரிடமும் போகமாட்டன் டொக்டர். வள்ளத்திலை வந்துபோக ஏலாது."

பட்டினியார் முகர்ந்தார். "சுத்தம்!" என்று உள்ளே விட்டார்.

திரையில் பித்தப்பை மிளகாய் வத்தலாய்ச் சுருங்கிக் கிடந்தது. கல் தெரியவில்லை. அக்கா சாப்பிடவில்லை என்பது வாசலிலேயே தீர்ப்பாகிவிட்டதே! ஒரு மணிக்கு அவருக்கு வள்ளம். அந்த மூக்கை நாளெல்லாம் நக்கலடித்த நானே அதை நம்பி, 'பை சுருங்கியிருக்கு, கல் இல்லை' என்று வாய்விட்டுச் சொல்லியபடி எழுதத் தொடங்கினேன்.

திரைச்சீலைக்கு அப்பாலிருந்து பட்டினியாரின் குரல் வந்தது.

"கொஞ்சம் பொறுங்கோ டொக்டர். அக்கா, இண்டைக்கு வெள்ளியெல்லே. விரதமோ?"

"ஓம் தம்பி. ஒரு வெள்ளியும் விட்டதில்லை."

"விரதத்துக்கு விடிய என்ன எடுத்தனீங்கள்?"

"ஒண்டுமில்லை. பாலும் பழமும்தான். அது சாப்பாடே?"

எவ்வளவு என்று கேட்டால், ஆடை படர்ந்த பசும்பால் ஒரு செம்பாம்! பித்தப்பையைச் சுருக்க அதைவிட என்ன வேண்டும்? உலகப்புகழ் மூக்கு பாலிடம் தோற்றதை நினைத்து நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"என்ரை பிழை. நாளைக்கு விடியப் பார்ப்பியளோ?"

"நாளைக்குச் சனி."

"தெரியும். பார்ப்பியளோ?"

அக்காவை வள்ளமேற விடாமல் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். மறுநாள் ஏழு மணிக்கு இருவரும் வந்து நின்றார்கள். பித்தப்பை இப்போது கத்தரிக்காய்போல நிறைந்திருந்தது. உள்ளே மூன்று கற்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கருநிழல். இடப்பக்கம் திரும்பிப் படுக்கச் சொன்னேன், மூன்றும் உருண்டன. பித்தக்குழாய் வீங்கியிருக்கவில்லை, அந்தளவில் நிம்மதி. யாழ்ப்பாணத்தில் சத்திரசிகிச்சைக்குக் கடிதம் எழுதினேன்.

"அப்ப வாயு இல்லை?" அக்கா கண்ணைத் துடைத்தார். "நான் நடிக்கேல்லை எண்டு இனி வீட்டிலை சொல்லலாம்."

வெளியே பட்டினியார் சுவரைப் பிடித்தபடி நின்றார்.

"என்ன, தலைசுத்தோ?" என்றேன்.

அக்காதான் பதில் சொன்னார். "நேற்றுப் பின்னேரம் என்னோடை வாயைக் கட்டினவர் டொக்டர். நான் பட்டினி கிடக்கத் தான் எப்பிடித் தின்னுறதாம்."

"சும்மா இருங்கோ அக்கா!" என்று எரிந்து விழுந்தார் பட்டினியார். சட்டைப் பையில் பணிஸ் கடிபடாமல் முழுசாய் இருந்தது.

வரும் புதன் மெஷினோடு எழுவைதீவுக்குப் போகிறோம். விரத நாளில் ஸ்கான் வைத்த மூளை என்னுடையது. அந்த நாளைப் புதனுக்கு மாற்றியது அவர். பாலும் பழமும் சாப்பாடுதான் என்று வீடு வீடாய்ச் சொல்லியனுப்பியிருக்கிறார். யாருடைய வாயையும் முகரக்கூடாது என்று சொல்லிவிட்டேன், கேட்கமாட்டார். என் பையில் நாலு பணிஸ் இருக்கும். கடைசி ஆளின் ஸ்கான் முடிந்ததும் முதல் பணிஸ் அவருக்குத்தான்.