செருப்பு அங்கிளும் ஒன்பதாவது பலகையும்

அமெரிக்காவில் ஓர் எபிஸ்கோபல் பாதிரியாரைச் சாக்ஸோடு பிரசங்கம் செய்ய வைத்த ஒரே தமிழர் எங்கள் செருப்பு அங்கிள்தான். மறுப்பவர்கள் ஆதாரத்தோடு வரலாம்.

ஈஸ்ட் பிரன்ஸ்விக்கிலிருந்து பத்து நிமிட டிரைவில் அந்த மரச் சர்ச் இருக்கிறது. ஊருக்கு ரயில் வருவதற்கு முன்பே கட்டியது. அதன் பின்ஹாலை வாடகைக்கு எடுத்துச் சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு நடத்துகிறோம். பேத்தியைக் கொண்டுவந்து விடும் அங்கிளுக்கு, வகுப்பு முடியும்வரை வேலை எதுவும் கிடையாது. ஒருநாள் பாத்ரூம் தேடிப் போனவர் வழிதவறிச் சர்ச்சுக்குள் நுழைந்தார். தரையைப் பார்த்தார். அப்படியே மண்டியிட்டுவிட்டார்.

பாதிரியாரம்மா (ஆமாம், பெண்மணிதான்) அங்கிள் ஜெபம் செய்கிறார் என்று நினைத்து ஓரமாக ஒதுங்கி நின்றாராம். அங்கிளோ நகத்தால் பலகையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கோயம்புத்தூரில் முப்பது வருஷம் மரக்கடை வைத்திருந்த நகம் அது.

"உப்புங்க அம்மிணி!" என்று வகுப்புக்குள் ஓடி வந்தார் என்னிடம். "பனிக்கு ரோட்டுல கொட்டற உப்பு! பூட்ஸ்ல ஒட்டிட்டு வந்து மரத்த அரைக்குது. ஒவ்வொண்ணும் ஒரு அடி அகலப் பலகைங்க. இன்னைக்கு எந்தக் கடையில போய் வாங்குவாங்க?"

விசாரித்தால், சர்ச் கமிட்டி அந்தத் தரையைப் பெயர்த்துவிட்டு கார்பெட் போடவே முடிவு செய்திருந்தது. அங்கிள் என்னை மொழிபெயர்ப்பாளராக இழுத்துக்கொண்டு போய்க் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ஒரு வின்டர் எங்கிட்ட விடச் சொல்லுங்க. அப்பவும் தேஞ்சா, பேத்துக்கட்டும்."

மறுவாரமே வாசலில் ஒரு ஷூ ராக், கூடை நிறையச் சாக்ஸ், பக்கத்தில் மடக்கு நாற்காலியில் அங்கிள். வந்தவர்கள் எல்லாரும் ஏன் என்று கேட்காமலே ஷூவைக் கழற்றினார்கள். ஒரு கல்யாணத்தில் மணப்பெண்ணின் தோழிகள் ஆறு பேரும் ஹீல்ஸைக் கழற்றியதும் திடீரென்று குள்ளமாகி, கவுன் தடுக்கித் தடுக்கி நடந்தார்கள். கிறிஸ்துமஸ் அன்று பாதிரியாரம்மா, வெள்ளை அங்கியும் மாம்பழப் படம் போட்ட மஞ்சள் சாக்ஸுமாக மேடை ஏறினார்.

இன்ஷூரன்ஸ் இன்ஸ்பெக்டர் மட்டும் பூட்ஸைக் கழற்ற முடியாது என்றார். அங்கிள் வாக்குவாதமே செய்யவில்லை. பையிலிருந்து, ஹோட்டல் ஹோட்டலாகச் சேர்த்துவைத்திருந்த ஷவர் கேப்பில் இரண்டை எடுத்தார். குனிந்து பூட்ஸுக்கு மாட்டிவிட்டார். இன்ஸ்பெக்டர் உள்ளே போய் ஒன்பதாவது பலகையை மிதித்தார். 'க்ரீச்!'

"வாட்ஸ் தட்?"

"நோ ப்ராப்ளம் சார். ஒன்லி டாக்கிங்."

பனி உருகியது. கமிட்டி வந்து தரையைத் தடவித் தடவிப் பார்த்தது. புதிதாக ஒரு கீறல் இல்லை. கார்பெட் ரத்து! நன்றி சொல்ல எழுந்த பாதிரியாரம்மா, "உங்கள் மத வழக்கத்தை மதித்துத்தான் குளிர்காலம் முழுக்க ஷூவைக் கழற்றினோம், அதில் எங்களுக்கும் பெருமை" என்றார். நான் தமிழில் சொன்னதும் அங்கிள் திருதிருவென்று முழித்தார்.

"எங்க மதமா? நான் அவங்க தரைக்காகத்தானுங்க சொன்னேன்!"

பின்வரிசையிலிருந்து எங்கள் தமிழ் வகுப்பு ஆன்ட்டி ஒருவர், "அப்போ இது சர்ச் ரூல் இல்லையா? நான் வாராவாரம் பெடிக்யூர் வேற பண்ணிட்டு வந்தேனே!" என்றார்.

போன வருஷம் அங்கிளின் மகளுக்கு டெக்சாஸில் வேலை கிடைத்தது. அங்கிளும் அங்குள்ள காப்பெல் என்ற ஊருக்குப் போய்விட்டார். புது வீடு, தரை முழுக்க டைல்ஸ்.

"வீடு எப்படி அங்கிள்?" என்று போனில் கேட்டேன்.

"நல்லாத்தானுங்க இருக்குது அம்மிணி. என்ன, நடந்தா ஒரு சத்தம் வரமாட்டேங்குது. யாரு வந்தாங்க, யாரு போனாங்கன்னே தெரியறதில்ல."

சில சனிக்கிழமைகளில் அவரே அழைப்பார். என் நலம், வகுப்பின் நலம் எதுவும் விசாரிக்க மாட்டார்.

"சர்ச்சுக்குள்ள ஆள் இருக்காங்களா?"

"யாரும் இல்ல அங்கிள்."

"அப்ப ஒருக்கா நடங்க."

சாக்ஸோடு உள்ளே போய், போனைக் குனிந்து தரையோரம் பிடித்துக்கொண்டு ஒன்பதாவது பலகையை மிதிப்பேன். க்ரீச். பிறகு மெதுவாக, "இன்னொருக்கா" என்பார்.

அவர் அழைக்காத சனிக்கிழமைகளிலும், அதை ஒருமுறை மிதித்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புகிறேன்.