அக்காவின் புடவை நாலு தலையணை உறையான விவரம்

அன்புள்ள மைத்துனருக்கு,

உங்கள் அத்தான் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அக்காவும் நலம். தொலைக்காட்சியிலும் அவள் போன வாரத்திலிருந்து நலம். அங்கே நீங்களும் வீட்டாரும் அதேபோல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. "அத்தான், அக்கா முப்பது வருஷமா சம்பாதிச்ச பேரை அரை மணி நேரத்துல தையக்கடையில கொண்டுபோய்க் குடுத்துட்டீங்களே, இது உங்களுக்கே நல்லா இருக்கா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஐந்து மாதம் வாய் திறக்காமல் இருந்தவள், வேலை நிலைத்துவிட்டது என்று தெரிந்ததும் உங்களிடம் கொட்டிவிட்டாள் போலிருக்கிறது. நான் முப்பத்து நான்கு வருடம் அலுவலகத்தில் பழைய கோப்புகளைப் பார்த்துக்கொண்டவன். எதையும் வரிசையாகச் சொல்லித்தான் பழக்கம். பொறுமையாகப் படியுங்கள்.

உங்கள் அக்காவின் தொழில் உங்களுக்குத் தெரியாததல்ல. முதல் படத்தில் கூட்டத்தோடு கூட்டமாக ஓடினாள். இரண்டாவதில் "ஐயோ" என்று ஒரு வசனம். அதைச் சொன்ன விதம் பிடித்துப்போய், மூன்றாவது படத்தில் கதாநாயகனுக்குத் தங்கையாக்கி, இடைவேளைக்கு முன்னால் ரயிலில் தள்ளிவிட்டார்கள். ரயில் வந்தபோது நான் எழுந்து வெளியே ஓடியதும், நீங்கள் பின்னாலேயே வந்து சோடா வாங்கிக் கொடுத்ததும் நினைவிருக்கும். அன்று ஆரம்பித்தது நிற்கவில்லை. தங்கையாக விஷம் குடித்தாள், மனைவியாக வெள்ளத்தில் போனாள், தன்னைவிட இரண்டு வயது மூத்த கதாநாயகனுக்குத் தாயாகி மாடிப்படியில் உருண்டாள். மொத்தம் முப்பத்தொரு படம், பத்தொன்பது சாவு. "அந்தம்மா மாதிரி சாக ஆளே இல்லை" என்று பெயர் வாங்கிவிட்டாள். ஒருநாள் கூடத்தில் படுத்து மூச்சை அடக்கிப் பழகிக்கொண்டிருந்தபோது, கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் பார்த்துவிட்டு ஆம்புலன்ஸுக்கே சொல்லிவிட்டார். வந்தவர்கள் எல்லோருக்கும் ஆட்டோகிராஃப் போட்டுக் கொடுத்து அனுப்பினாள்.

இப்படியிருக்கும்போதுதான் இந்தத் தொடர் வந்தது. பெரிய குடும்பத்தின் மூத்த மருமகள் வேஷம். நாலு வருடமாகத் தினமும் அரை மணி நேரம், தினமும் உயிரோடு. முதல்முறையாகக் காதோரம் நரை பூசியபோது வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று, "இதுல எனக்கு வயசாகுதுங்க! படத்துல ஒருநாள்கூட வயசாக விட்டதில்ல" என்று குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டாள். அந்த வேஷம் அவளுக்கு எவ்வளவு முக்கியம் என்பது எனக்குத் தெரியும், அதை முதலில் சொல்லிக்கொள்கிறேன்.

இனி புடவை விவகாரம். ஒரு வெள்ளிக்கிழமை எடுத்த காட்சியில், மூத்த மருமகள் காபித் தட்டோடு வருகிறாள், யாரோ கதவைத் தட்டுகிறார்கள், திடுக்கிட்டதில் காபி புடவையில் கொட்டுகிறது, போய்க் கதவைத் திறக்கிறாள். அதோடு அன்றைய படப்பிடிப்பு முடிந்தது, வெளியே நிற்பது யார் என்பது செவ்வாய்க்கிழமைக்கு. வெள்ளிக்கிழமை கதவைத் திறந்தவள் செவ்வாய்க்கிழமை வேறு புடவையில் நிற்கக் கூடாதல்லவா? இதற்குக் கன்டினியூட்டி என்று பேர். கறைகூட அதே இடத்தில் இருக்க வேண்டும். புடவை அவளுடைய சொந்தப் புடவை. தள்ளுபடியில் நான் வாங்கிக் கொடுத்த ஊதாவும் பச்சையும் கலந்த ஒன்று, அந்த நிறத்தில் இன்னொன்றை நெய்ய எந்த நெசவாளிக்கும் மனசு வராது. அதைத் துவைக்காமல் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருந்தாள்.

திங்கட்கிழமை அவள் டப்பிங்குக்குப் போயிருந்தாள். கம்பெனியிலிருந்து செவ்வாய்க்கிழமைக் காட்சியின் வசனத் தாள்களோடு ஓர் உறை வந்தது. அதைப் பிரித்து மேஜையில் வைத்தேன். ரசப் பாத்திரத்தை இறக்கியபோது அவசரத்தில் மேல்தாளின் மேலேயே வைத்துவிட்டேன், அது பாத்திரத்தோடு ஒட்டிக்கொண்டு வந்து குப்பைக்குப் போயிற்று. அதில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியாது, அப்போது நான் கண்ணாடி போட்டிருக்கவில்லை. பிறகு சும்மா இருக்கமுடியாமல் துணிகளை ஒழுங்குபடுத்தினேன். ஓய்வுபெற்றவனுக்கு வீட்டில் கோப்புகள் ஏது, பீரோதான் இருக்கிறது. கசங்கிய, கறைபட்ட புடவை ஒன்று கண்ணில் பட்டது. தெருமுனைத் தையல்காரரிடம் கொடுத்தேன். மாலைக்குள் நாலு தலையணை உறை வந்துவிட்டது. அவரைப்போல் சொன்ன நேரத்துக்குத் தருபவர் கிடையாது.

செவ்வாய்க்கிழமை நாலு உறைகளோடு என்னையும் ஸ்டுடியோவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். இயக்குநர் ஓர் உறையை விரித்துப் பார்த்தார்.

"கறை எங்க சார்?"

"கறை பட்ட பக்கத்தைத் தையல்காரர் கழிச்சுட்டார். நல்ல மனுஷன்."

அப்போது உங்கள் அக்கா என்னைப் பார்த்த பார்வையை அவளுடைய எந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை. ஆடைப் பொறுப்பாளர் இரண்டு உறைகளை அவள் தோளில் ஊக்கு போட்டுக் குத்தி, "முகத்தை மட்டும் காட்டிடலாம் சார்" என்றார். காமிராவில் பார்த்தால் கழுத்தோரம் பொத்தான் தெரிந்தது. இயக்குநர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"லைட்டை அணைங்கப்பா. கரண்ட் போயிடுச்சுன்னு வச்சுக்கலாம். இருட்டுல பெருசா எதுவும் நடத்த முடியாது, மயங்கி விழட்டும். ஆஸ்பத்திரியில ரெண்டு வாரம் போர்வை போத்திப் படுக்கட்டும், மேற்கொண்டு என்னன்னு அப்புறம் முடிவு பண்றேன்."

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். "நாலு வருஷம்ங்க. ரெண்டு வாரம் பேசாம கெடந்தா ஜனங்க என்னை மறந்துடுவாங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஆனால் ஜனங்கள் மறக்கவில்லை. மூன்றாவது வாரம், கண்ணை மூடிப் படுத்திருந்தவள் அசதியில் நிஜமாகவே தூங்கிக் குறட்டை விட்டுவிட்டாள். டாக்டராக நடித்தவர் அசரவில்லை. நாடியைப் பிடித்துப் பார்த்து, "மூச்சு பலமா வருது, நல்ல அறிகுறி" என்றார். இயக்குநர் அதை அப்படியே வைத்துவிட்டார். அந்தக் குறட்டையைக் கேட்டு வீடு வீடாக அழுதார்களாம். "அவங்களை எழுப்புங்க" என்று சேனலுக்குக் கடிதம் குவிந்தது. காய்கறிக் கடையில் ஓர் அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்ப சார் கண் முழிப்பாங்க?" என்று கண் கலங்கக் கேட்டார். "தினமும் ஆறு மணிக்கும்மா" என்றேன். போன வாரம் தொடரிலும் விழித்துவிட்டாள். இனி இரண்டு வருடத்துக்குக் கதையே அவளைச் சுற்றித்தான், தலை முழுக்க நரை பூசப்போகிறார்களாம்.

ஆகவே மைத்துனரே, நடந்தது முழுக்க முழுக்க ஒரு கிழவனின் கவனக்குறைவு, வேறொன்றுமில்லை. பீரோச் சாவி இப்போது அவள் இடுப்பில் இருக்கிறது. கதவுக்குப் பின்னாலிருந்த ஆணியையும் பிடுங்கிவிட்டாள். அடுத்தமுறை பேசும்போது எனக்காக ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லுங்கள். உங்கள் வீட்டம்மாவுக்கு என் விசாரிப்பு, பிள்ளைகளுக்கு என் ஆசிகள், நீண்ட ஆயுளோடு இருக்கட்டும்.

இப்படிக்கு,
பீரோவைத் தொடாத
உங்கள் அத்தான்

பின்குறிப்பு: இதைத் தனித்தாளில் எழுதுகிறேன், படித்ததும் கிழித்துவிடுங்கள். அன்று கண்ணாடி என் மூக்கின்மேல்தான் இருந்தது. கதவுக்கு வெளியே நின்றவன் கையில் துப்பாக்கி. தாளின் கடைசி வரி, 'மூத்த மருமகள் வாசலிலேயே உயிர் விடுகிறாள்.' சாகப்போகிறவர்களுக்கு அந்தப் பக்கத்தை மேக்கப் போட்ட பிறகுதான் காட்டுவார்களாம், யாரோ தவறுதலாக உறையில் வைத்துவிட்டார்கள். உங்கள் அக்காவுக்கு இன்றுவரை தெரியாது. பத்தொன்பது தடவை பார்த்தவன் நான், இருபதாவது எனக்குத் தாங்காது. அவளுக்கும் வயசாக ஆசை. தையல்காரர் புடவையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "துவைச்சா கறை போயிடுமே சார், எதுக்கு வெட்டணும்?" என்றார். அவர் துணியில் கத்தரி வைக்கும்வரை நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.