திசையை விடாத சக்கரம்

அன்பு மகளுக்கு, அப்பா தன் கையாலேயே எழுதிக்கொள்வது. நான் நலம். என் முழங்காலும் நலம். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவைத் திறந்தேன். எழுதப் பழகி நான்கு மாதம்தான் ஆகிறது, ஒரு நாளைக்கு ஆறு வரிக்கு மேல் ஓடவில்லை. நீயும் அவசரப்படாமல் படி.

இந்த மாதத் தொடக்கத்தில் நான் பட்டறைப் படிக்கட்டில் விழுந்ததைக் கேட்டு நீ போனில் என்ன சொன்னாய்? "மயக்கம் வந்துதான் விழுந்திருக்கீங்க. வேலை பாத்தது போதும்ப்பா. மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை வண்டி எடுத்துட்டு வர்றேன், துணிமணியெல்லாம் கட்டி வைங்க." போனில் உன்னை யார் ஜெயிக்க முடியும்? அதனால்தான் எழுதுகிறேன். எனக்கு மயக்கம் வரவில்லை. என்னைத் தள்ளியது ஒரு ஜைரோஸ்கோப்.

கப்பலிலிருந்தும் விமானத்திலிருந்தும் பழுதாகி வரும் கருவிகளை எங்கள் பட்டறையில் சரிசெய்கிறார்கள். நான் கூட்டுவேன், பெட்டிகளைத் தூக்கிப் போய் வைப்பேன். சில கருவிகளின் வயிற்றில் ஒரு கனத்த சக்கரம் இருக்கும், அதுதான் ஜைரோஸ்கோப். அது வேகமாகச் சுற்றும்போது பார்த்தால் அசையாமல் தூங்குவதுபோல இருக்கும். அதன் அச்சு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். கப்பல் திரும்பட்டும், உருளட்டும், அதற்கென்ன? பனிமூட்டத்தில் கடலும் வானமும் ஒன்றாகிவிட்ட பிறகும், உள்ளே ஒன்று மட்டும் தன் திசையை மறக்காமல் இருக்கிறது. இதை நினைத்துக்கொண்டே துடைப்பத்தோடு நான் நின்ற நேரத்தை எல்லாம் சேர்த்தால் ஒரு கடலையே கடந்திருக்கலாம். உன் போனிலும் ஒன்று உண்டாம். அதில் சக்கரம் கிடையாது, கண்ணுக்குத் தெரியாத ஒரு துணுக்கு அதிர்ந்துகொண்டே இருக்குமாம். நீ நடந்துகொண்டே பேத்தியைப் படம் பிடித்தாலும் படம் நடுங்காமல் இருப்பது அதனால்தானாம்.

இதையெல்லாம் சொன்னது எங்கள் மெக்கானிக். கண்ணில் ஒரு கண்ணாடி, நெற்றியில் ஒரு கண்ணாடி, அதனால் அவனுக்கு நாலுகண் என்று பெயர். ஒருநாள் என்னைச் சுழல் நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு சைக்கிள் சக்கரத்தைச் சுற்றிவிட்டு அதன் அச்சை என் இரண்டு கையிலும் கொடுத்தான்.

"இப்ப அப்படியே சாச்சுப் பாருங்க பெருசு."

"சாய மாட்டேங்குதே தம்பி, முரண்டு பிடிக்குது!"

"உங்க சம்சாரம்னு நெனச்சுக்கிட்டு மெதுவா கேளுங்க."

மெதுவாகச் சாய்த்தேன். யாரும் தொடாமலே நாற்காலி என்னோடு திரும்பியது. ஜன்னல் வந்தது, கடைசல் இயந்திரம் வந்தது, நாலுகண் வந்தான், மறுபடி ஜன்னல் வந்தது. உன் அம்மா இருந்திருந்தால் பார்த்துச் சிரித்திருப்பாள்.

இப்போது விழுந்த கதைக்கு வருகிறேன். மின்சாரத்தை நிறுத்தின பிறகும் கருவிப் பெட்டிக்குள் அந்தக் கனத்த சக்கரம் சத்தமே போடாமல் வெகுநேரம் சுற்றும். அது நிற்கும்வரை பெட்டியைத் தூக்கக் கூடாது என்று சுவரில் பலகை இருக்கிறது. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டுதான் பலகையைப் படித்தேன். "தூக்கக் கூடாது" என்ற இடத்துக்கு வருவதற்குள் படிக்கட்டின் திருப்பம் வந்துவிட்டது. நான் திரும்பினேன், பெட்டி திரும்ப மாட்டேன் என்றது, ஒரு பக்கமாகச் சாய்ந்தது, நானும் மரியாதைக்குக் கூடவே சாய்ந்தேன். நாலு படி. பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகவே வண்டி வேண்டாம். நான் இங்கேயே இருக்கிறேன்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. பேத்தி நீண்ட ஆயுளோடு, என்னைவிடச் சீக்கிரமாகப் படிக்கக் கற்றுக்கொண்டு, நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன், இன்று காலை அந்தப் பெட்டியைப் போய்ப் பார்த்தேன். மேலே ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. படித்தேன்: "மோட்டார் எரிந்துவிட்டது. மூன்று மாதமாகச் சுற்றவில்லை." யாரையும் கேட்காமல், ஓர் எழுத்தும் தப்பாமல், நானே படித்தேன் மகளே! ஞாயிற்றுக்கிழமை வா. துணிமணியைக் கட்டி வைக்கிறேன். வண்டியை மட்டும் மெதுவாக ஓட்டு. வழியெல்லாம் பெயர்ப் பலகைகள் இருக்கும்.