மூன்றாவது அழைப்பு

நெடுவாழ்நாட்டில் மூச்சு நின்றால் மட்டும் ஒருவர் இறந்தவராக மாட்டார். உறவினர் ஒருவர் காதருகே குனிந்து மூன்று முறை பெயர் சொல்லி அழைக்க வேண்டும். பதில் வராவிட்டால்தான் சாவு. அதன் பிறகுதான் அழலாம். பழைய வழக்கம் அது. சட்டமும் அதுவே.

ஆயுளை இரட்டிப்பாக்குவதாக வாக்குறுதி கொடுத்து அந்நாட்டு மன்னர் தேர்தலில் வென்றிருந்தார். விஞ்ஞானிகள் எலிகளோடு பாடுபட்டார்கள். எலிகள் செத்தன. கடைசியில் ஆயுள் துறை அமைச்சர் வேறு வழி கண்டார். வீடு வீடாக ஆள் அனுப்பி, ஒவ்வொருவரையும் “இருக்கேன்” என்று ஒருமுறை சொல்லவைத்தார். அந்தக் குரலைத் தீப்பெட்டி அளவுள்ள கருவியில் அடைத்துக் கழுத்தில் கட்டினார்கள். ஆள் மூச்சை நிறுத்தியதும் கருவி விழித்துக்கொள்ளும். பிறகு யார் அருகே குனிந்து எதைச் சொன்னாலும் “இருக்கேன்” என்று சொல்லும்.

மன்னர் மட்டும் குரல் கொடுக்கவில்லை. “நான் இருப்பதை ஒரு கருவி சொல்ல வேண்டுமா?” என்றார். அவரைப் பெயர் சொல்லி அழைப்பதே குற்றம். அழைத்தால் அவர் பதில் சொல்வது அதைவிடப் பெரிய இழுக்கு.

அன்றோடு நாட்டில் சாவு நின்றது.

சுடுகாடுகளைப் பூட்டினார்கள். மூச்சு நின்றவர்களுக்கு ‘நீடித்தோர்’ என்று பெயர் வந்தது. அவர்கள் கெடாமலிருக்க வீட்டுக்கு வீடு ஐஸ் பெட்டி கொடுத்தார்கள். அதற்கு மின்சாரம் போதவில்லை என்று ஆஸ்பத்திரிகளுக்கு நிறுத்தினார்கள். நீடித்தோர் பெருகினர். அடுத்த தேர்தலில் அதிகாரிகள் ஐஸ் பெட்டிகளின் அருகே குனிந்து, “மன்னரை ஆதரிக்கிறவங்க இருக்கீங்களா?” என்று கேட்டார்கள். இருந்தார்கள்.

தென்னவனின் மனைவி அல்லி காய்ச்சலில் போனாள். ஆஸ்பத்திரியில் எந்தக் கருவியும் ஓடவில்லை.

அவன் காதருகே குனிந்து அழைத்தான். மூன்று முறையும் “இருக்கேன்” என்றாள். அது அடுப்பில் பால் பொங்கும் நேரத்தில் பதிவான குரல். கொஞ்சம் எரிச்சல் இருக்கும்.

அவளை எரிக்க வேண்டும். அதைத் தவிர அவனுக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. ஆயுள் அலுவலகத்துக்குப் போனான்.

“எரிக்கணும் சார்.”

“யாரை?”

“என் பொண்டாட்டியை.”

அதிகாரி பதறி எழுந்தார். “உயிரோடவா? கொலைக் கேஸ் ஆயிடும் தம்பி. வீட்டுக்குப் போங்க.”

வீட்டில் உட்கார முடியவில்லை. ஐஸ் பெட்டியிலிருந்து ஜன்னலுக்கும், ஜன்னலிலிருந்து ஐஸ் பெட்டிக்கும் நடந்தான். எதிர்ச் சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்து, ஏதோ ஒரு பழைய தேர்தல் எழுத்து தெரிந்தது. ‘உங்கள் வீட்டுப் பிள்ளை சின்னாண்டி.’ பக்கத்துவீட்டு வடிவக்கா எட்டிப் பார்த்தாள்.

“ஒரு இடத்துல உக்காருப்பா. எங்க வீட்டுக்காரரு நீடிச்சு ரெண்டு வருசமாச்சு. உயிரோட இருந்தப்ப எனக்கு இவ்வளவு பதில் சொன்னதில்ல.” சிரித்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆயுள் சட்டத்தின் ஆண்டு விழாவில் மன்னர் நீடித்தோர் ஒருவரை நேரில் வாழ்த்துவதாக ஏற்பாடானது. மன்னரின் வண்டி நுழையும் அகலம் தென்னவனின் தெருவுக்குத்தான் இருந்தது.

மன்னர் வாசலிலேயே நின்றார். உள்ளே வாடை. அமைச்சர் அறிவித்தார்: “குடிமகனே, மாமன்னர் கேட்கும்படி உன் மனைவியை அழை.”

தென்னவன் உள்ளே போகவில்லை. மன்னரை நெருங்கினான். நன்றி சொல்லப் போகிறான் என்று காவலர்கள் விலகினார்கள். மன்னரின் காதருகே குனிந்தான்.

“சின்னாண்டி.”

யாரை அழைக்கிறான் என்று மன்னர் திரும்பிப் பார்த்தார். தன் பெயரை அவர் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

“சின்னாண்டி.”

மன்னரின் உதடு அசைந்தது. “கூடாது மன்னா. மாண்பு” என்றார் அமைச்சர். உதடு மூடியது.

“சின்னாண்டி.”

தெரு அமைதியானது. வடிவக்காதான் முதலில் ஒப்பாரி எடுத்தாள், பழக்கத்தில். அடுத்த வீடு அழுதது. பிறகு தெருவே அழுதது. அவரவர் வீட்டுச் சாவுக்கு இத்தனை நாள் அழ முடியாதவர்கள்.

“யோவ், நான் உயிரோட இருக்கேன்யா!” என்று மன்னர் கத்தினார்.

“எல்லார் வீட்டுக்கும் பிள்ளை தாங்கள், யார் அழைத்தாலும் உறவினரே. மூன்றாவது அழைப்புக்குப் பின் சொல்வது செல்லாது மன்னா. தாங்கள் காக்கும் சட்டம்” என்ற அமைச்சர் காவலர்களிடம் திரும்பினார். “கருவி! ஒரு கருவி கொண்டு வாருங்கள்!”

விழித்திருந்த கருவிகளில் அருகிலிருந்தது அல்லியின் கழுத்தில்தான். அதை அவிழ்த்து மன்னரின் கழுத்தில் கட்டினார்கள். அமைச்சர் குனிந்து, “மன்னா” என்றார்.

“இருக்கேன்” என்றது, சற்று எரிச்சலாக.

மக்கள் மண்டியிட்டார்கள். மன்னர் நீடித்துவிட்டதாக அமைச்சர் அறிவித்தார். நீடித்தோருக்கு ஐஸ் பெட்டி வேண்டும். அல்லியைத் தரையில் இறக்கிவிட்டு அவரை ஏற்றினார்கள். உள்ளிருந்து கொஞ்ச நேரம் தட்டும் சத்தம் கேட்டது. பேண்டு வாத்தியம் தொடங்கியதும் அது தெரியவில்லை.

வாசல் காலியானது. தென்னவன் தரையில் குனிந்து, “அல்லி” என்றான். காத்திருந்தான். மறுபடி அழைத்தான். மூன்றாவது முறையும் அழைத்தான்.

அவள் பதில் சொல்லவில்லை.

சுடுகாட்டுப் பூட்டை வடிவக்கா கல்லால் உடைத்தாள். யாரும் தடுக்கவில்லை. கருவி இல்லாதவள், மூன்று முறை அழைக்கப்பட்டவள்.

எரித்துவிட்டுத் திரும்பும்போது கடைத்தெரு ஒலிபெருக்கியில் மன்னரின் முதல் பேட்டி. குடிநீர் எப்போது வரும் என்று அமைச்சர் கேட்டார்.

“இருக்கேன்.”

ஜனங்கள் கைதட்டினார்கள். முன்பெல்லாம் இவர் எந்தக் கேள்விக்கும் பதில் சொன்னதில்லை என்றார் ஒருவர். இன்றுவரை அவர்தான் ஆள்கிறார்.

தென்னவன் ஒலிபெருக்கிக்குக் கீழே நின்றான். அல்லி அடுப்பை அணைத்துவிட்டு வரட்டும் என்பதுபோல் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு நடந்தான்.