‘கட்டாயம் படிங்க’ சார்

உலகத்தில் மருந்து சொல்பவர்கள் உண்டு, மாப்பிள்ளை சொல்பவர்கள் உண்டு, வழி கேட்காமலே வழி சொல்பவர்கள் உண்டு. இவர்களிடமிருந்தெல்லாம் எப்படியாவது தப்பித்துக்கொள்ளலாம். தப்பிக்கவே முடியாத ஓர் இனம் இருக்கிறது. புத்தகம் சொல்பவர்!

இவரை உங்களுக்குத் தெரியும். படிக்கட்டில் எதிரே வருவார். “வீட்ல எல்லாரும் சௌக்கியமா?” என்பார். சௌக்கியம் என்று சொல்வதற்குள், வீட்டில் எல்லாரும் சேர்ந்து படிக்க ஒரு புத்தகம் வந்திருக்கிறது என்பார். சௌக்கியம் இல்லை என்று சொல்லிப் பாருங்கள், அதற்கும் ஒரு புத்தகம் வைத்திருப்பார்.

எங்கள் கட்டடத்தில் இரண்டாவது மாடியில் ஒருவர் இருக்கிறார். குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவு மேற்பார்வையாளர். நாங்கள் வைத்திருக்கும் பெயர் ‘கட்டாயம் படிங்க’ சார். மாதம் பிறந்தால் போதும், குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் ‘இந்த மாதம் குடும்பத்தோடு படிக்க ஆறு புது நூல்கள்’ என்று பட்டியல் வந்து விழும். அதில் ஒன்று எப்போதும் எளிய சமையல். ஆறுக்கும் கீழே ஒரே வரிதான்: ‘எளிமை! இனிமை! கட்டாயம் படிங்க!’ ஒருமுறை கைப்பழக்கத்தில், லிஃப்ட் பழுது என்ற அறிவிப்புக்குக் கீழேயும் அதையே போட்டுவிட்டார்.

இவ்வளவு சொல்பவர் எவ்வளவு படிப்பார்? படிக்காமல் என்ன, நன்றாகவே படிப்பார். முன்னட்டை படிப்பார். பின்னட்டை படிப்பார். புத்தகத்தைக் கையில் ஏந்தி எடை பார்ப்பார், நடுவில் பிரித்து மூக்கை வைத்து ஒரு இழுப்பு இழுப்பார், “அடடா!” என்பார், கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டுவார். உள்ளே என்ன இருக்கிறது என்று யாராவது வாயைத் திறந்து கேட்டுவிட்டால், “சொல்லிட்டா சுவாரசியம் போயிடும்” என்று முடித்துவிடுவார். இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அவர் நூற்றுக்கணக்கான புத்தகங்களைக் கடந்து வந்திருக்கிறார்.

“சமையல் புஸ்தகம் மட்டும் பதினொண்ணு இருக்கு. பாலைக் காய்ச்சி வைங்கன்னா, எந்தப் பாத்திரத்துலன்னு என் ஆபீஸுக்கு ஃபோன் பண்ணிக் கேக்கறார்” என்று அவர் மனைவி ஒருநாள் மாடியில் துணி உலர்த்திக்கொண்டே சொன்னார். ஆபீஸில் இருந்தவர் மனைவி, அடுப்பங்கரையில் நின்றவர் சார்.

சரி, யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், என் எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் அவரிடம் போய் நிற்கும்வரை.

எலக்ட்ரீஷியனின் மனைவிக்கு வயிற்றில் அறுவைச் சிகிச்சை. இரண்டு வாரம் ஆஸ்பத்திரி. வீட்டில் இவரும் எட்டு வயது மகளும்தான். அந்தப் பெண் சரியாகச் சாப்பிடவில்லை, பள்ளியில் யாரோடும் பேசவில்லை. ஒரு நாளைக்கு இருபது தடவை ஒரே கேள்வி: “அம்மா வந்துடுவாங்கல்ல?” மனுஷன் ஒடிந்துபோய்விட்டார். சமைக்க ஒரு புத்தகமும் சாயங்காலம் குழந்தைக்கு வாசித்துக்காட்ட ஒரு புத்தகமும் வேண்டுமென்று, தேடிப் போய்க் கேட்டார். தானாக வந்து கேட்ட முதல் ஆள்! சாருக்குத் தலைகால் புரியவில்லை.

“தம்பி, கவலைய விடுங்க. நான் இருக்கேன்ல? சமையலுக்கு இது. குழந்தையே செஞ்சிடும், அவ்வளவு ஈஸி. வாசிக்கறதுக்கு இந்த அணில் புஸ்தகம். அட்டையப் பாருங்க, நாலு அணிலும் ஒரே குடைக்குள்ள நிக்குது. குடும்பம்னா இதுதான். கண்ண மூடிக்கிட்டு வாசிச்சுக்காட்டலாம்.”

கண்ணை மூடிக்கொண்டு எப்படி வாசிப்பது என்று எலக்ட்ரீஷியன் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

சமையல் புத்தகத்தின் அட்டை ‘பதினைந்தே நிமிடத்தில்’ என்றது. முதல் பக்கத்தின் முதல் வரி, ‘முந்தைய நாளே ஊறவைத்து அரைத்த விழுதை எடுத்துக்கொள்ளவும்’ என்றது. ‘பொன்னிறம் ஆகும்வரை வதக்கவும்’ என்றது. அவர் வீட்டுச் சமையலறையில் எரிவது மஞ்சள் பல்பு. வெங்காயம் அடுப்பில் ஏறும்முன்னே பொன்னிறமாகத்தான் இருந்தது. ‘பதம் வந்ததும் இறக்கவும்’ என்ற இடத்தில் கரண்டியோடு என் வீட்டுக்கு வந்துவிட்டார்.

“பதம் வந்துதா இல்லையான்னு எப்படிங்க தெரியும்? மீட்டர் வச்சா பாக்க முடியும்?”

அன்றைக்கு என் வீட்டிலிருந்து சாப்பாடு போனது. அதுகூடப் பரவாயில்லை. அணில்தான் ஆளைக் கொன்றது.

மூன்றாவது நாள் சாயங்காலம், மகளை மடியில் வைத்துக்கொண்டு நான்காம் அத்தியாயத்தை வாசிக்கிறார். அடைமழை. அம்மா அணில் கொட்டை பொறுக்க வெளியே போகிறது. பொழுது சாய்கிறது. வரவில்லை. எலக்ட்ரீஷியனுக்கு என்னவோ போல் இருந்தது. கண்ணை மட்டும் அடுத்த பக்கத்துக்கு ஓட்டினார். அம்மா அணில் வரவே வராது. மிச்சம் தொண்ணூறு பக்கமும், அம்மா இல்லாமல் அப்பா அணிலும் இரண்டு குட்டிகளும் வாழப் பழகுகிற கதை. நல்ல கதையாகவே இருக்கலாம். அந்த வீட்டில், அந்த வாரத்தில், அதை வாசிக்க முடியுமா?

“அப்பா, ஏன் நிறுத்திட்டீங்க? வந்துதா?”

“வந்துது. வந்துடுச்சு. வால்ல ஒரு கட்டு. டாக்டர் அணில் போட்டுவிட்ட கட்டு.”

அன்றிலிருந்து பாவம், தொண்ணூறு பக்கத்திலும் இல்லாத ஓர் அணிலைத் தானே நுழைத்து வாசித்தார். அப்பா அணில் தனியாகச் சமைத்தால், அம்மா அணில் பக்கத்தில் உட்கார்ந்து உப்புப் பார்த்தது. ஒரு வீடு முழுக்க ஒயர் இழுப்பதைவிட இது கஷ்டமாக இருக்கிறது என்று என்னிடம் சொன்னார். படங்கள்தான் பெரிய தலைவலி.

“படத்துல மூணு பேர்தான இருக்காங்க? அம்மாவக் காணோமே?”

“அம்மாதாம்மா ஃபோட்டோ எடுக்கறாங்க.”

குழந்தை படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நம்பவில்லை. எந்த வீட்டிலாவது ஒருவரே எல்லாப் படத்தையும் எடுப்பார்களா?

சனிக்கிழமை சாயங்காலம் நான் சாப்பாட்டுத் தூக்கோடு போயிருந்தேன். சார் நலம் விசாரிக்க வந்தார். வந்தவர் நோயாளியை விட்டுவிட்டுப் புத்தகத்தைத்தான் முதலில் விசாரித்தார். “எப்படி? நான் சொல்லல?”

அந்தப் பெண் எழுந்து அவர் எதிரே போய் நின்றாள்.

“மாமா, நீங்க இந்தப் புஸ்தகம் முழுசாப் படிச்சீங்கல்ல?”

“ரெண்டு தடவை!”

“அப்ப சொல்லுங்க. வால்ல கட்டோட அம்மா அணில் நெஜமாவே வீட்டுக்கு வந்துதா? இல்ல, அப்பா சும்மா சொல்றாங்களா?”

எலக்ட்ரீஷியன் முகத்தில் ரத்தமே இல்லை. சுவிட்ச் போர்டில் கையை வைத்து ஷாக் வாங்கியவர்கூட அப்படி நின்றதில்லை. இந்த மனிதர் ஒரு புத்தகத்தையாவது படித்திருக்கக் கூடாதா என்று இத்தனை வருஷம் ஏங்கிய நான், கடவுளே, இதைமட்டும் படித்திருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“வராம? என்ன கேள்வி கேக்கற? வால்ல கட்டோட அது உள்ள வந்து நிக்கும் பாரு, ஆஹா, அந்த இடம்! நான் அழுதே போயிட்டேன். அந்தக் கட்டங்கள எல்லாம் எப்படி எழுதியிருக்கான்!”

குழந்தை அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு தூக்கைத் திறந்து, யாரும் சொல்லாமலே சாப்பிட உட்கார்ந்தாள். எலக்ட்ரீஷியன் சாரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார், கண் நிறைந்திருந்தது. புத்தகத்துக்கு நன்றி சொல்கிறார் என்று சார் நினைத்துக்கொண்டார். எனக்கும் அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். அந்த ஆளை ஓங்கி ஒரு அறை விடவேண்டும் போலவும் இருந்தது.

மறுநாளே குழுவில் செய்தி: ‘வாலில் கட்டோடு அம்மா அணில் வீடு திரும்பும் கட்டத்தைக் குடும்பத்தோடு அனுபவியுங்கள். கட்டாயம் படிங்க!’ பதினேழு பேர் கைதட்டல் பொம்மை போட்டிருந்தார்கள்.

எலக்ட்ரீஷியனின் மனைவி பதினைந்தாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். வந்ததும் முதல் காரியமாக, “அந்த அணில் கதைய நானும் ஒருதடவ வாசிக்கறேனே” என்று கேட்டிருக்கிறார். மனுஷன் புத்தகத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு என் வீட்டுக்கு ஓடிவந்தார். இப்போது அது என் மேசையில்தான் கிடக்கிறது. நான் படித்தேனா? இனிமேல் என்ன படிப்பது? அதுதான் முழுக்கதையும் தெரியுமே. அலுவலகத்தில் இரண்டு பேருக்கு, மனத்தை உருக்கிவிடும் என்று சொல்லியும்விட்டேன்.

ஏன் சிரிக்கிறீர்கள்? உங்களுக்கும்தான் அந்தப் புத்தகம் இப்போது பாதிக்கு மேல் தெரியும். நாளைக்கே ஒருவர் உங்களிடம், “குழந்தைக்கு வாசிச்சுக்காட்ட நல்லதா ஒண்ணு சொல்லுங்களேன்” என்று கேட்பார். அணில் உங்கள் நாக்கு நுனியில் வந்து நிற்கும். தாராளமாகச் சொல்லுங்கள். சொல்வதற்கு முன்னால், அவர் வீட்டில் யாராவது ஆஸ்பத்திரியில் இருக்கிறார்களா என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.